எண்ணெயை நம்பிய நாட்டில் அரசுச் செலவு எப்போது வளர்ச்சியாகிறது? நைஜீரியா ஆய்வேடு, உதவி தேவை

#1 நாகமலை மாணவி

வணக்கம். எம்.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டுக்கு நைஜீரியாவை எடுத்திருக்கிறேன். அரசுச் செலவு அந்நாட்டு வளர்ச்சியை எப்படித் தீர்மானிக்கிறது என்பது கேள்வி. 1981 முதல் 2023 வரை 43 ஆண்டுத் தரவு, எல்லாம் நைஜீரிய மத்திய வங்கியின் புள்ளிவிவரத் தொகுப்பிலிருந்து. மத்திய அரசின் நடப்புச் செலவு (சம்பளம், வட்டி போன்றவை), மூலதனச் செலவு (கட்டுமானம் போன்றவை) இரண்டையும் ஜிடிபியோடு வைத்து ரிக்ரஷன் (ஒன்று மாறினால் மற்றது எவ்வளவு மாறும் என்ற புள்ளியியல் கணக்கு) ஓட்டினேன். ஆர்-ஸ்கொயர் (பொருத்தத்தின் அளவு, உச்சம் 1) ஒன்றை ஒட்டி வருகிறது. ஆனால் நடப்புச் செலவுக்கு பிளஸ் குறி, மூலதனச் செலவுக்கு மைனஸ் குறி. பாடத்தில் படித்ததற்கு நேர் எதிர். ரோடும் மின்நிலையமும் கட்டினால் வளர்ச்சி குறையும் என்று எழுதவா முடியும்? அடுத்த மாதம் வைவா. எங்கே பிசகு என்று சொல்லுங்கள்.

#2 திருமங்கலம் எக்கோ

ஆர்-ஸ்கொயர் ஒன்றை ஒட்டி வருவதே முதல் எச்சரிக்கை மணி. நீங்கள் எடுத்தது விலைவாசி நீக்காத நைரா எண்கள்தானே? 1981-ல் ஒரு டாலருக்கு ஒரு நைராகூடக் கிடையாது. 2023 கடைசியில் 900 நைரா. அப்படிப்பட்ட நாட்டில் எந்த இரண்டு நைராத் தொடரை எடுத்தாலும் இரண்டும் சேர்ந்தே மேலே ஏறும். நீங்கள் அளந்தது வளர்ச்சியை அல்ல, பணவீக்கத்தை.

செய்ய வேண்டியது: ஜிடிபியை நிலையான விலையில் எடுங்கள். செலவுத் தொடர்களை ஜிடிபி டிஃப்ளேட்டரால் (ஜிடிபியில் உள்ள எல்லாப் பொருளுக்குமான விலைக் குறியீடு) வகுக்காதீர்கள். அந்த டிஃப்ளேட்டருக்குள் கச்சா எண்ணெய் விலையும் இருப்பதால் எண்ணெய் ஏறிய ஆண்டில் செலவு குறைந்ததுபோலத் தெரியும். நுகர்வோர் விலைக் குறியீட்டால் வகுத்து, பிறகு லாக் (மடக்கை) எடுங்கள்.

இன்னொரு பள்ளம். 2014-ல் நைஜீரியா ஜிடிபி கணக்கின் அடிப்படை ஆண்டை 1990-லிருந்து 2010-க்கு மாற்றியது. 2013-ன் ஜிடிபி ஒரே நாளில் 89 விழுக்காடு கூடியது. சினிமா, செல்போன் சேவை எல்லாம் அப்போதுதான் முறையாகக் கணக்குக்குள் வந்தன. எண்ணெய், எரிவாயுவின் பங்கு சுமார் 32-லிருந்து 14 விழுக்காடாக இறங்கியது. பழைய தொடரையும் புதுத் தொடரையும் ஒட்டவைத்தால் நடுவில் ஒரு பொய்த் தாவல் நிற்கும். 1981 வரை பின்னோக்கிக் கணக்கிட்ட 2010 தொடரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2025-ல் வெளியான 2019 அடிப்படைத் தொடரை அதோடு கலக்க வேண்டாம்.

பிறகு ஏடிஎஃப் சோதனை (தொடர் நிலையானதா, ஏறிக்கொண்டே போவதா என்று பார்ப்பது). 1986 கட்டமைப்புச் சீரமைப்பு போன்ற முறிவுகள் இருப்பதால், முறிவைக் கணக்கில் எடுக்கும் சிவோட்-ஆண்ட்ரூஸ் சோதனையும் சேர்த்து ஓட்டுங்கள். எந்தத் தொடராவது இரண்டாம் வேறுபாட்டில்தான் நிலைபெறுகிறது என்றால், நீண்டகாலத் தொடர்பு உண்டா என்று பார்க்கும் ஏஆர்டிஎல் எல்லைச் சோதனை செல்லாது. அதை வைவாவில் கட்டாயம் கேட்பார்கள்.

#3 வைகை வடகரை

திருமங்கலத்தார் சொன்னது எல்லாம் சரி. அதையெல்லாம் செய்த பிறகும் மைனஸ் குறி போகாமல் இருக்கலாம் மா. அதற்குக் காரணம் கணிதத்தில் இல்லை, பட்ஜெட் ஓடுகிற முறையில் இருக்கிறது. எண்ணெய் நாட்டில் மூலதனச் செலவு என்பது திட்டமிட்டுத் தீர்மானிக்கப்படுவதில்லை. மற்றதெல்லாம் போக மிஞ்சுவதுதான் அது.

ஒரு கற்பனை நாட்டை எடுத்துக்கொள்வோம். ஆண்டுச் செலவு 10,000 கோடி டாலர். இதில் சம்பளமும் மானியமும் 6,500, வட்டி 500, மூலதனச் செலவு 3,000. எண்ணெய் அல்லாத வரி வரவு 3,000 கோடி. ஆண்டுக்கு 100 கோடி பேரல் ஏற்றுமதி, அதில் அரசுக்குச் சேருவது 70 விழுக்காடு.

பட்ஜெட் சமன் ஆக வேண்டிய விலை: செலவிலிருந்து எண்ணெய் அல்லாத வரவைக் கழித்து, அரசின் பங்கு பேரலால் வகுக்க வேண்டும். 7,000 கோடியை 70 கோடியால் வகுத்தால் 100 டாலர். வளைகுடா நாடுகளுக்கு ஐஎம்எஃப் வெளியிடும் சமன் விலையும் அடிப்படையில் இந்தக் கணக்குதான்.

விலை 60 டாலருக்கு இறங்கினால் பேரலுக்கு 40 டாலர் குறை, ஆக மொத்தம் 2,800 கோடி. சேமிப்பும் இல்லை, கடன் தருவாரும் இல்லை என்றால் எங்கே வெட்டுவது? சம்பளத்தை வெட்டினால் தெருவுக்கு வருவார்கள். மானியத்தை வெட்டினாலும் அதே கதி; 2012 ஜனவரியில் நைஜீரியா பெட்ரோல் மானியத்தை எடுக்கப்போய், வேலைநிறுத்தத்தில் நாடே நின்று, பாதி பின்வாங்கியது. வட்டியை நிறுத்தினால் திவால். ஆகவே 3,000 கோடி மூலதனச் செலவு 200 கோடியாகிறது. மொத்தச் செலவு 28 விழுக்காடுதான் குறைந்தது, மூலதனச் செலவோ 93 விழுக்காடு.

இப்போது உங்கள் தரவைப் பாருங்கள். மூலதனச் செலவு பெரிதாக இருந்த ஆண்டு என்றால் பெரும்பாலும் எண்ணெய் விலை உச்சத்தில் இருந்த ஆண்டு. அதற்கு அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் விலை சரிந்து, டாலர் தட்டுப்பாடு வந்து, வளர்ச்சி படுத்திருக்கும். ரிக்ரஷன் அதைத்தான் மைனஸ் என்று எழுதிக் காட்டுகிறது. எண்ணெய் விலையையும் உற்பத்தி அளவையும் தனித்தனி மாறிகளாகச் சேர்க்காமல் செலவின் விளைவைப் பிரித்தெடுக்கவே முடியாது.

விலை, உற்பத்தி இரண்டும் வேண்டும் என்பதற்கு 2016 போதும். பட்ஜெட் போட்டது பேரலுக்கு 38 டாலர், நாளைக்கு 22 லட்சம் பேரல் என்ற கணக்கில். விலைகூட ஆண்டின் போக்கில் 38-ஐத் தாண்டியது. ஆனால் பிப்ரவரியில் ஃபோர்காடோஸ் எண்ணெய்க் குழாய் தகர்க்கப்பட்டு, எண்ணெய் எடுக்கும் நைஜர் டெல்டா பகுதியில் தாக்குதல்கள் தொடர்ந்து, உற்பத்தி அந்த 22 லட்சத்தை எட்டவில்லை. அந்த ஆண்டு பொருளாதாரம் சுமார் 1.6 விழுக்காடு சுருங்கியது.

சார்பு மாறியாக (எதை விளக்கப் பார்க்கிறோமோ அது) மொத்த ஜிடிபியை வைக்காதீர்கள். எண்ணெய் கிணற்றில் கூடுதலாக ஊறினால் ஜிடிபி ஏறும், அதற்கும் அரசுச் செலவுக்கும் தொடர்பில்லை. எண்ணெய் சாரா ஜிடிபியை எடுங்கள்.

#4 மேலூர்க்காரன்

வடகரை சார், இந்த வாதம் எங்கே போய் முடியும் என்று தெரியும். "ஆகவே நார்வே மாதிரி சேமி" என்பீர்கள். நார்வே 1969-ல் எகோஃபிஸ்க்கில் எண்ணெய் கண்டபோதே பணக்கார நாடு. பள்ளி, மருத்துவமனை, மின்சாரம் எல்லாம் இருந்தன. கூரையில்லாத பள்ளியை வைத்துக்கொண்டு நைஜீரியா ஏன் எண்ணெய்ப் பணத்தை நியூயார்க் பங்குச்சந்தையில் போட வேண்டும்? அங்கே கிடைப்பது ஆண்டுக்கு மூன்று, நான்கு விழுக்காடு. ஊரில் ஒரு நல்ல சாலைக்கு அதைவிடப் பல மடங்கு பலன். ஏழை நாடு செலவழிக்கத்தான் வேண்டும்.

#5 வைகை வடகரை

செலவழிக்க வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் வேறுபாடு இல்லை தம்பி. எந்த வேகத்தில், எதில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாலையின் பலன் காகிதத்தில் 20 விழுக்காடாக இருக்கும். சிமெண்ட், பொறியாளர், நிலம், டெண்டர் பார்க்கும் ஆள் எல்லாம் அளவாக உள்ள ஊரில் ஒரே ஆண்டில் மூன்று மடங்கு சாலை போடப் போனால், அந்தப் பணம் சாலையாக மாறாது, விலையாக மாறும்.

1970-களில் இரண்டு எண்ணெய் நாடுகள் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தக்கவை. இரண்டும் மக்கள்தொகை மிகுந்தவை, வேளாண் நாடுகள், ராணுவ ஆட்சி, ஊழலும் இரண்டிலும் உண்டு.

நைஜீரியா: 1973-74-ல் விலை நான்கு மடங்கானது. உடனே உடோஜி குழுவின் பரிந்துரைப்படி அரசுச் சம்பளத்தைப் பெரிய அளவில் உயர்த்தி, முன்தேதியிட்டு நிலுவையும் கொடுத்தார்கள். சந்தையில் பொருள் இல்லை, கையில் பணம், விலை ஏறியது. மறுபக்கம் அரசுத் துறைகள் ஆளுக்கு ஆள் சிமெண்ட் இறக்குமதி செய்தன. ஏறத்தாழ 2 கோடி டன். லாகோஸ் துறைமுகத்தால் அதில் ஒரு சிறு பகுதியைத்தான் ஆண்டுக்கு இறக்க முடியும். 1975-ல் நூற்றுக்கணக்கான கப்பல்கள் வெளியே காத்துக் கிடந்தன, காத்திருந்த நாளுக்கெல்லாம் தாமதக் கட்டணம் ஏறியது, கப்பலிலேயே சிமெண்ட் இறுகியது. 1976-ல் எல்லாருக்கும் தொடக்கக் கல்வி என்று அறிவித்தார்கள். நல்ல திட்டம். பிள்ளைகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தார்கள், ஆசிரியர் இல்லை. அதே காலத்தில் தொடங்கிய அஜவோகுட்டா உருக்காலையில் கோடிக்கணக்கான டாலர் போட்டும் இன்றுவரை அது வணிக அளவில் உருக்கு வார்க்கவில்லை.

இந்தோனேசியா: 1973-74 முதல் 1978-79 வரை 61,000-க்கு மேல் தொடக்கப் பள்ளிகள். ஒவ்வொன்றும் சிறியது, மூன்று வகுப்பறை, மூன்று ஆசிரியர், 120 பிள்ளைகள். ஒரே வரைபடம், உள்ளூர்ப் பொருள், உள்ளூர்க் கொத்தனார். பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் எங்கே அதிகமோ அங்கே அதிகப் பள்ளி என்பது ஒதுக்கீட்டு விதி. கட்டடத்தோடு சேர்த்தே ஆசிரியர் பயிற்சிக்கும் சம்பளத்துக்கும் பணம் வைத்தார்கள். சேர்க்கை 69-லிருந்து 83 விழுக்காடானது. ஆயிரம் பிள்ளைக்கு ஒரு பள்ளி கூடியபோது அவர்கள் வளர்ந்தபின் கூலி 1.5 முதல் 2.7 விழுக்காடு கூடியதாக எஸ்தர் டுஃப்லோ 2001-ல் கணக்கிட்டார். உரத்துக்கும் பாசனத்துக்கும் செலவிட்டு 1984-ல் அரிசியில் தன்னிறைவும் எட்டினார்கள்.

அவர்களுக்கும் அடி விழுந்தது. அரசு எண்ணெய் நிறுவனமான பெர்டமினா 1,000 கோடி டாலருக்கு மேல் கடன் வாங்கி 1975-ல் முறிந்தது. ஆனால் அந்த அடிக்குப் பிறகு கடன் வாங்கும் அதிகாரத்தை நிதியமைச்சகம் கையில் எடுத்துக்கொண்டது. 1978 நவம்பரில், டாலர் கையிருப்பு தீராத நேரத்திலேயே, ரூபியாவை டாலருக்கு 415-லிருந்து 625-க்கு இறக்கினார்கள். எண்ணெய் டாலர் குவிந்து உள்ளூர் நாணயம் ஊதிப் பெருத்தால் ரப்பர் பயிரிடுகிறவரும் சட்டை தைக்கிற ஆலையும் ஏற்றுமதி செய்து பிழைக்க முடியாது. அதைத் தடுக்கத்தான் அந்த முடிவு. 1980-களின் நடுவில் எண்ணெய் விலை விழுந்தபோது ஏற்றுமதி செய்ய அவர்களிடம் வேறு சரக்கும் இருந்தது.

#6 கோரிப்பாளையம் கணக்கு

தங்கச்சி, தரவுப் பக்கம் சில விஷயங்கள். இவை தெரியாமல் எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம்.

நீங்கள் எடுத்தது மத்திய அரசின் செலவு மட்டும். நைஜீரியக் கூட்டாட்சிக் கணக்கில் சேரும் பணத்தில் மத்திய அரசுக்கு 52.68, மாநிலங்களுக்கு 26.72, உள்ளாட்சிகளுக்கு 20.60 விழுக்காடு. அதற்கு முன்பே எண்ணெய் வருவாயில் 13 விழுக்காடு எண்ணெய் எடுக்கும் மாநிலங்களுக்குத் தனியாகப் போய்விடும். தொடக்கப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், ஊர்ச் சாலை எல்லாம் மாநிலம், உள்ளாட்சி கையில். வளர்ச்சிக்கு நேரடியாகத் தொடர்புள்ள பாதிச் செலவு உங்கள் அட்டவணையிலேயே இல்லை. புள்ளிவிவரத் தொகுப்பில் மாநில அரசுகளின் மொத்தமும் உள்ளாட்சி மொத்தமும் வேறு அட்டவணைகளில் இருக்கின்றன, கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டும்போது மாநிலம் உள்ளாட்சிக்குத் தந்த மானியத்தை இரண்டு முறை எண்ணிவிடக் கூடாது.

நடப்புச் செலவு நான்கு தலைப்பில் வரும்: நிர்வாகம், பொருளாதாரச் சேவை, சமூகச் சேவை, மாற்றுக் கொடுப்பனவுகள் (டிரான்ஸ்ஃபர்). கடன் வட்டி அந்த நான்காவது தலைப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆசிரியர் சம்பளத்தையும் வட்டியையும் ஒரே "நடப்புச் செலவு" என்று வைத்து ஒரு குணகம் எடுத்தால் அதற்குப் பொருளே கிடையாது. 2022-ன் முதல் நான்கு மாதத்தில் மத்திய அரசின் வரவு 1.63 லட்சம் கோடி நைரா, கடன் சேவைக்குப் போனது 1.94 லட்சம் கோடி. வட்டியைப் பிரித்தே தீர வேண்டும்.

பெரிய செலவு ஒன்று எந்த அட்டவணையிலும் இல்லை: பெட்ரோல் மானியம். பல ஆண்டுகள் அரசு எண்ணெய் நிறுவனம் மானியத்தைத் தானே பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கூட்டாட்சிக் கணக்குக்குக் கட்டியது. வரவு குறைந்ததாகத் தெரியும், செலவு நடந்ததாகத் தெரியாது. 2022-ல் கச்சா எண்ணெய் 100 டாலரைத் தாண்டிய காலத்திலும் பல மாதம் ஒரு நைராகூடக் கட்டவில்லை. விலை ஏறினால் மானியமும் ஏறும், எடுத்த எண்ணெயில் திருட்டும் அதிகம், ஆகவே ஏற்றத்தின் பலன் கஜானாவுக்கு வரவே இல்லை. 2023 மே 29 அன்று மானியம் போனது என்று அறிவித்தார்கள். 2023-க்குப் பின் உள்ள எண்களை அதற்கு முந்தியவற்றோடு ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டைக் குறிப்பிடுங்கள்.

கடைசியாக, பட்ஜெட் எண்ணும் உண்மைச் செலவும் ஒன்றல்ல. 2016 பட்ஜெட் மே மாதம் கையெழுத்தானது, 2017-ம் 2018-ம் ஜூன் மாதம். நிதியாண்டு அங்கே ஜனவரியில் தொடக்கம். ஜூனில் கையெழுத்து, பிறகு டெண்டர், தெற்கு மாநிலங்களில் அக்டோபர் வரை மழை. மண் வேலை செய்ய இயலாது. சம்பளம் மாதாமாதம் போய்விடும், சாலைப் பணம் ஆண்டுக் கடைசியில் அவசரமாக விடுவிக்கப்படும் அல்லது அப்படியே நிற்கும். 2020 பட்ஜெட்டை 2019 டிசம்பரிலேயே கையெழுத்திட்டுப் பழைய ஒழுங்குக்குத் திரும்பினார்கள். ஒதுக்கீட்டை அல்ல, செலவானதை எடுங்கள்.

#7 நாகமலை மாணவி

சார், அண்ணே, மிக்க நன்றி. ஒரு சந்தேகம். மூலதனச் செலவு ஒரு ஆண்டு வெட்டுப்பட்டு அடுத்த ஆண்டு திரும்ப வந்தால் மொத்தத்தில் அதே பணம்தானே? ஐந்து ஆண்டுக் கூட்டல் ஒன்றாக இருக்கும்போது ஏற்ற இறக்கத்தால் மட்டும் எப்படி நட்டம்?

#8 பரங்குன்றம் டூ ரியாத்

இதற்குக் கட்டுமானத் துறைப் பக்கமிருந்து பதில் சொல்லலாம்.

அரசு வேலையில் ஒப்பந்தக்காரருக்குப் பணம் வரும் வழி: வங்கி உத்தரவாதத்தின் மேல் முன்பணம், பிறகு மாதாமாதம் அளவெடுத்து இடைக்கால பில், அதில் 5 முதல் 10 விழுக்காடு வரை பிடித்தம், முன்பணத்துக்கான கழிவு. பில் ஒப்புதல் ஆன 60 நாளில் பணம் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது ஆறு மாதம் ஆனால் என்ன நடக்கும்? முதலில் துணை ஒப்பந்தக்காரருக்குப் பணம் நிற்கும். அவர் ஆளை எடுத்துக்கொண்டு போவார். கிரேன், கான்கிரீட் கலக்கும் பேட்சிங் பிளான்ட் வாடகை வேலை நடக்காமலே ஓடும். கம்பி மழையிலும் உப்புக்காற்றிலும் துருப்பிடிக்கும். பாதி ஊற்றிய தளத்தில் மீண்டும் வேலை தொடங்க, பழைய கான்கிரீட்டைச் சோதித்து, சில இடங்களில் உடைத்தே எடுக்க வேண்டிவரும். திரும்ப ஆள் இறக்கும் செலவு, தாமத வட்டி, விலை உயர்வு எல்லாம் கோரிக்கையாக அரசிடமே வரும்.

இதைவிட முக்கியமானது அடுத்த டெண்டர். பணம் தாமதமாகும் என்று தெரிந்தவர் அதை விலையில் ஏற்றித்தான் போடுவார். தாங்க முடியாத சிறியவர் டெண்டர் பக்கமே வர மாட்டார். மிஞ்சுவது மேலிடத்தில் பில் நகர்த்தத் தெரிந்த சிலர். ஆகவே ஐந்து ஆண்டுக் கூட்டல் ஒன்றாக இருந்தாலும் கிடைக்கும் கிலோமீட்டர் ஒன்றல்ல.

சவூதியில் 2014 நடுவில் 110 டாலருக்கு மேல் இருந்த விலை 2016 ஜனவரியில் 30-க்குக் கீழ் போனபோது இதைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். பில்கள் நின்றன, பெரிய கட்டுமான நிறுவனங்களில் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் சம்பளம் இல்லாமல் முகாம்களில் கிடந்தார்கள், இந்தியத் தூதரகம் உணவு வழங்க வேண்டிவந்தது. ரிசர்வ் கையிருப்பு 2014-ல் 70,000 கோடி டாலருக்கு மேல் இருந்த நாட்டிலேயே இது. கையிருப்பு இல்லாத நாட்டில் வேலை அப்படியே புதர் மண்டிப் போகும்.

#9 வைகை வடகரை

பரங்குன்றத்தார் சொன்னதோடு ஒன்று. கட்டி முடித்த பிறகும் செலவு உண்டு. மருத்துவமனை கட்டினால் ஆண்டுதோறும் மருத்துவர், செவிலியர், மருந்து, மின்சாரம். பெருமளவு மூலதனத்தை உயர்விலை ஆண்டில் போட்டுவிட்டு, ஓட்டும் செலவை அடுத்த ஆண்டுகளின் அதிர்ஷ்டத்துக்கு விடுவதுதான் எண்ணெய் நாடுகளின் நிரந்தர நோய். தார்ச்சாலையில் வெடிப்பு அடைப்பதும் வடிகால் தூர்வாருவதும் நடப்புச் செலவுத் தலைப்பில் வரும். அது "வீண் செலவு" என்று முதலில் வெட்டப்படும். ஐந்தாறு மழைக்குப் பின் சாலையையே தோண்டிப் புதிதாகப் போட வேண்டியிருக்கும். அது மூலதனச் செலவு, ஆகவே "வளர்ச்சி" என்று கணக்கில் ஏறும். நடப்புச் செலவுக்கு உங்கள் ரிக்ரஷனில் பிளஸ் குறி வருவதில் இதற்கும் பங்கு இருக்கக்கூடும். ஆசிரியரும் பராமரிப்பும் உள்ள செலவு அது. நடப்புச் செலவு கெட்டது, மூலதனச் செலவு நல்லது என்ற பாடப்புத்தகப் பிரிவினையை விட்டுவிடுங்கள் மா. கல்வி, சுகாதாரம், பராமரிப்பு எந்தத் தலைப்பில் இருந்தாலும் ஒரு பக்கம் வையுங்கள்.

#10 மேலூர்க்காரன்

நம்ம பக்கத்துக் கண்மாய்க் கணக்குதான் இது. மழை வந்த அன்றே மடையை முழுக்கத் திறந்தால் கடைமடை வயல் தையில் காயும். அதை ஒப்புக்கொள்கிறேன், நிறுத்தி வைக்க ஒரு இடம் வேண்டும். ஆனால் நைஜீரியாவிலும் அப்படி ஒரு கணக்கு இருந்ததே? மிகைக் கச்சா எண்ணெய்க் கணக்கு என்று 2004-ல் தொடங்கினார்களே. அது ஏன் வறண்டது?

#11 கோரிப்பாளையம் கணக்கு

ஏனென்றால் அதற்குச் சட்டக் கரை இல்லை அண்ணே. பட்ஜெட் ஒரு விலையை வைத்துப் போடப்படும், அதற்கு மேல் கிடைப்பது அந்தக் கணக்குக்குப் போகும். யோசனை நல்லது. ஆனால் கூட்டாட்சி வருவாய் முழுவதும் பங்கிடப்பட வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. 36 மாநில ஆளுநர்களும் "எங்கள் பங்கை ஏன் பிடித்து வைக்கிறாய்" என்று கேட்டால் சட்டப்படி பதில் இல்லை. 2008 வாக்கில் 2,000 கோடி டாலர் அளவுக்குச் சேர்ந்தது. நெருக்கடி ஆண்டில் எடுத்தது நியாயம். ஆனால் 2010-ல் விலை திரும்ப ஏறிய பிறகும் பங்கிட்டுக்கொண்டே இருந்தார்கள், பெரும்பகுதி கரைந்தது. 2011-14-ல் விலை மூன்று ஆண்டுக்கு மேல் 100 டாலரை ஒட்டி நின்றும் கணக்கு நிறையவில்லை. 2014-ல் சரிந்தபோது எடுக்க ஒன்றும் இல்லை. அப்புறம் மத்திய வங்கியிடம் கை நீட்டினார்கள். முந்தைய ஆண்டு வருவாயில் 5 விழுக்காடு வரைதான் கொடுக்கலாம் என்பது மத்திய வங்கிச் சட்டம். 2023-ல் அந்த நிலுவை சுமார் 22.7 லட்சம் கோடி நைரா. அதைக் கடன் பத்திரமாக மாற்றினார்கள்.

எங்கே கரை நின்றது என்று பார்த்தால் இரண்டு விதி வேண்டும்: உள்ளே வருவதற்கு ஒன்று, வெளியே போவதற்கு ஒன்று. நார்வேயில் எண்ணெய் வருவாய் முழுவதும் நிதிக்குள் போகும். 1990-ல் சட்டம், 1996-ல் முதல் முதலீடு, அதுவும் வெளிநாட்டில் மட்டும். 2001-ல் வெளியே எடுக்கும் அளவு நிதியின் 4 விழுக்காடு என்று வைத்து, 2017-ல் 3 ஆகக் குறைத்தார்கள். அன்றைய எண்ணெய் விலைக்கும் அன்றைய பட்ஜெட்டுக்கும் நேரடித் தொடர்பு அறுந்துபோகிறது. அதுதான் அதன் சூட்சுமம்.

ஏழை நாட்டுக்கு ஏற்றதாக கானா 2011-ல் ஒரு சட்டம் போட்டது. ஏழு ஆண்டுச் சராசரியில் கணக்கிட்ட வருவாயில் 70 விழுக்காடு வரை பட்ஜெட்டுக்கு. மிச்சம் நிலைப்படுத்தல் நிதிக்கும் வருங்கால நிதிக்கும். மேலூர் அண்ணன் கேட்ட செலவும் இதில் உண்டு, சேமிப்பும் உண்டு. ஆனால் எண்ணெய்ப் பணத்துக்கு மட்டும் வேலி போட்டுவிட்டு மறுபக்கம் சந்தையில் கடன் வாங்கிக் குவித்தார்கள். 2022 டிசம்பரில் வெளிநாட்டுக் கடன் தவணையை நிறுத்த வேண்டிவந்தது. ஒரு கையில் 3 விழுக்காட்டுக்குச் சேமித்து மறு கையில் 8, 9 விழுக்காட்டுக்குக் கடன் வாங்கினால் அது சேமிப்பே அல்ல.

குவைத்தில் இன்னொரு வகைச் சிக்கல். 1976 முதல் 2020 வரை ஆண்டு வருவாயில் குறைந்தது 10 விழுக்காடு வருங்காலத் தலைமுறை நிதிக்குப் போனது. அதைத் தொடச் சட்டம் விடாது. சம்பளமும் மானியமும் பட்ஜெட்டில் முக்கால் பங்குக்கு அருகில். 2020-ல் அன்றாடச் செலவுக்கான பொதுக் கையிருப்பு வற்றி, கடன் வாங்கச் சட்டமும் இல்லாமல், மலை போல் நிதி வைத்திருந்த அரசு சம்பளத்துக்குப் பணம் தேடியது.

#12 சிவகங்கைச் சீமை

குறுக்கே வருகிறேன். வளைகுடாவில் அரசுச் செலவு கூடினால் நம்ம மாவட்டங்களுக்குப் பணம் வருகிறது. ஆனால் அந்த நாட்டுக்கு அதனால் குறைவுதானே?

#13 வைகை வடகரை

ஆமாம், பெருக்கியில் (ஒரு ரியால் அரசுச் செலவு கைமாறி மொத்தம் எத்தனை ரியால் வருமானமாகிறது என்ற கணக்கில்) அது கசிவு. கூடுதல் வருமானத்தில் 80 விழுக்காடு செலவாகிறது, அதில் இறக்குமதிக்கும் வெளியூர் அனுப்பும் பணத்துக்குமாக வருமானத்தின் 60 விழுக்காடு வெளியே போகிறது என்று கொண்டால் பெருக்கி 1/(0.2+0.6), அதாவது 1.25. வெளியே போவது 20 விழுக்காடு என்றால் 2.5. ஒரே ரியால் செலவு, பாதிப் பலன். மிச்சம் இளையான்குடியிலும் தொண்டியிலும் மேலூரிலும் வீடாகவும் கல்லூரிக் கட்டணமாகவும் நிற்கிறது. நைஜீரியாவில் ஆள் உள்ளூர்தான், ஆனால் இயந்திரம் இறக்குமதி, எரிபொருளும் நெடுநாள் அப்படித்தான். அரசுச் சுத்திகரிப்பு ஆலைகள் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்ததால் கச்சா எண்ணெயை விற்றுப் பெட்ரோலை வாங்கினார்கள்.

விலை இறங்கும்போது முதலில் அடிவாங்குவதும் வெளியூர்க்காரர்தான். சவூதியில் 2017 ஜூலையில் உடன் வசிக்கும் குடும்பத்தாருக்கு தலைக்கு மாதம் 100 ரியால் கட்டணம், 2020-ல் 400. வாட் 2018-ல் 5 விழுக்காடு, 2020 ஜூலையில் 15. எண்ணெய் அல்லாத வரவைக் கூட்ட எடுத்த நடவடிக்கைகள் அவை. என் கணக்கில் சமன் விலையைக் குறைக்கும் வழியும் அதுதான். வரி வரவு 3,000-லிருந்து 4,400 கோடி ஆனால் சமன் விலை 100-லிருந்து 80-க்கு இறங்கும்.

#14 நாகமலை மாணவி

இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன், சரிதானா? சார்பு மாறி: எண்ணெய் சாரா நிலை விலை ஜிடிபி. விளக்க மாறிகள்: வட்டி நீக்கிய மூன்று அடுக்கு அரசின் சமூகச் சேவைச் செலவு, விலைவாசி நீக்கிய மூலதனச் செலவு, மூலதனச் செலவு வளர்ச்சியின் ஐந்தாண்டு நகரும் திட்ட விலக்கம் (ஏற்ற இறக்கத்தின் அளவு), டாலர் எண்ணெய் விலை, உற்பத்தி அளவு, உண்மை மாற்று விகிதம். எண்ணெய் விலையைச் செலவுக்கான கருவி மாறியாக வைக்கலாம் என்று ஒரு தோழி சொன்னாள்.

#15 திருமங்கலம் எக்கோ

கருவி மாறி வேண்டாம். எண்ணெய் விலை அரசுச் செலவு வழியாக மட்டும் பொருளாதாரத்தைத் தொட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நைஜீரியாவில் விலை விழுந்தால் டாலர் தட்டுப்பாட்டால் தனியார் ஆலைக்கு மூலப்பொருள் நிற்கும், வங்கிக் கடன் கெடும். நிபந்தனை முதல் அடியிலேயே உடைகிறது. நீங்கள் வைத்திருப்பதுபோல் கட்டுப்பாட்டு மாறியாகவே இருக்கட்டும்.

ஆறு மாறி உங்களுக்கு அதிகம். ஐந்தாண்டு நகரும் கணக்கு எடுத்ததும் 43 ஆண்டு 38 ஆகிவிடும். பின்னடைவு (லேக், அதாவது முந்தைய ஆண்டு மதிப்பு) இரண்டு வைத்தால் ஒவ்வொரு மாறிக்கும் மூன்று குணகம். மிஞ்சும் சுதந்திர அளவு (அவதானிப்புகளில் குணகங்களைக் கழித்தது) விரல்விட்டு எண்ணும்படி இருக்கும். மூலதனச் செலவையும் அதன் ஏற்ற இறக்கத்தையும் வைத்துக்கொண்டு, சமூகச் சேவையை இரண்டாம் மாதிரியில் தனியாக ஓட்டுங்கள். விலையையும் உற்பத்தியையும் பெருக்கி, விலைவாசி நீக்கிய எண்ணெய் வருவாய் என்று ஒரே மாறியாக்குங்கள். பின்னடைவு விளக்க மாறிகளுக்கு அதிகபட்சம் ஒன்று. எல்லை மதிப்புகளுக்குப் பெரிய மாதிரிக்கான பெசரான் அட்டவணையைப் பார்க்காதீர்கள், 30 முதல் 80 வரை அவதானிப்புகளுக்கு நாராயண் 2005-ல் தந்த மதிப்புகள் இருக்கின்றன. 1986-க்கும் 2016-க்கும் அந்த முறிவைக் குறிக்கும் போலி மாறி (டம்மி) போட்டு ஒரு முறை, போடாமல் ஒரு முறை, இரண்டு முடிவையும் பின்னிணைப்பில் வையுங்கள். குசம் வரைபடம் (குணகங்கள் காலப்போக்கில் நிலையாக உள்ளனவா என்று காட்டுவது) எல்லைக்கோட்டைத் தாண்டினால் அந்த ஆண்டைக் குறித்துக்கொண்டு இங்கே போடுங்கள், பார்க்கலாம்.

#16 கோரிப்பாளையம் கணக்கு

மாநில, உள்ளாட்சி அட்டவணைகளில் சில பழைய ஆண்டுகள் காலியாக இருக்கும். சராசரி போட்டு நிரப்ப வேண்டாம். தரவு தொடர்ச்சியாக உள்ள ஆண்டிலிருந்து தொடங்குங்கள். தொடக்க ஆண்டை மாற்றினால் தலைப்பிலும் மாற்றி, வழிகாட்டியிடம் இந்த வாரமே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.